மூன்றாவது தடவை கேட்பதற்கு முன்

1

இந்தக் கதை இரண்டு ஜின் பாட்டில்களில் இருந்து வந்தது. யாரும் குடித்ததால் அல்ல, இத்தனை வருடமாக யாரும் குடிக்காததால்.

சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். நீங்கள் இவ்வளவு காலம் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறீர்களே, ராணுவ அதிகாரி ஒருவர் நாட்டுக்கே தலைவரான கதை ஒன்று எழுதுங்களேன், கொஞ்சம் சூடாக இருக்கட்டும் என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். கடற்கரை ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை?

அன்று மத்தியானம் புகையில் வாட்டிய மீன் வாங்கப் பக்கத்து வீட்டு அராபாவிடம் போனேன். அவளுடைய அலமாரி மேல் அந்த இரண்டு பாட்டில்களும் நின்றன. பச்சைக் கண்ணாடி, சதுரமான உடம்பு, மூடியில் முத்திரை அப்படியே. தூசி மட்டும் இல்லை. எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை. அன்று கேட்டுவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது கையில் மீன் இருந்தது, என் கதாநாயகன் கையை விட்டுப் போயிருந்தான்.

2

முதலில் எழுதிய தொடக்கங்களை மறைக்கப் போவதில்லை. பார்த்துக்கொள்ளுங்கள்.

“எளிய மீனவக் குடும்பத்தில் பிறந்து, தன் துணிவாலும் உழைப்பாலும் உயர்ந்த மேஜர் எபோ அன்சா—”

[வேண்டாம். இது அரசாங்கக் காலண்டரின் பின்பக்கத்தில் வரவேண்டியது.]

“விடிவதற்கு முன் டாங்கிகள் பாலத்தைக் கடந்து தலைநகருக்குள்—”

[நான் பார்த்ததில்லை. அப்போது நான் இந்த நாட்டிலேயே இல்லை. அடுத்த வருடம்தான் வந்தேன். பார்க்காத டாங்கியை ஓட்டுவானேன்?]

“செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள்.”

இது நிற்கட்டும். இதில் பொய் இல்லை. செவ்வாய் கடலுக்கு ஓய்வு நாள். ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், வலை தைப்பார்கள், வழக்குப் பேசுவார்கள். பெண் கேட்டுக் கதவு தட்ட வருபவர்களும் அன்றுதான் வருவார்கள்.

[இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேஜர் எபோ அன்சா என்று எந்த நாட்டையும் யாரும் ஆண்டதில்லை. தேடாதீர்கள். நான்தான் உண்டாக்கினேன். அராபாவையும்தான், என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் அவள் பக்கத்து வீட்டில் இருமிக்கொண்டிருக்கிறாள். அடுப்புப் புகை.]

3

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எபோவின் தாய்மாமன் இரண்டு பாட்டில் ஜின்னோடு அராபாவின் வீட்டுக்கு வந்தார். கூட நான்கு பேர். மாப்பிள்ளை வரக்கூடாது, அதுதான் முறை. எபோ தலைநகரில் படைமுகாமில் இருந்தான். முப்பது வயது, மேஜர். மீன் வாட்டும் அராபாவுக்கு இருபத்திரண்டு. லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் அடுப்புப் பக்கம் நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டு, புகை என்று சொல்வானாம். புகை எதிர்ப் பக்கம் போனாலும் அதையே சொல்வானாம்.

மாமன் முறைப்படி ஆரம்பித்தார். இந்த வீட்டில் ஒரு பூவைப் பார்த்தோம், பறித்துக்கொள்ளலாமா என்று கேட்க வந்தோம். அராபாவின் குடும்பத் தலைவர் எக்யா அமிசா (எக்யா என்றால் இங்கே அப்பா) பாட்டில்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பெண்ணைக் கூப்பிட்டார்.

எங்கள் ஊரில் பெண்ணை மூன்று தடவை கேட்பார்கள். எல்லார் முன்னாலும். மூன்று தடவையும் அவள் வாயால் ஆமாம் என்று வந்தால்தான் பாட்டில் திறக்கும். ஒரு தடவை இல்லை என்றாலும் வந்த பாட்டில் வந்த வழியே போகும்.

“அராபா, இதைத் திறக்கலாமா?”

“திறக்கலாம்.”

“ரெண்டாவது தடவை கேக்கறேன். நல்லா யோசி. திறந்தா மூட முடியாது. திறக்கலாமா?”

“திறக்கலாம், எக்யா.”

அப்போது எதிர்வீட்டு ரேடியோவில் பாட்டு நின்று ராணுவ இசை வந்தது. எங்கள் ஊரில் யாருக்கும் அதை விளக்க வேண்டாம். வந்தவர்கள், இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து ரேடியோப் பக்கம் ஓடினார்கள். அராபாவும் ஓடினாள். இசை முடிந்து ஒரு குரல் வந்தது. ஊழல் ஆட்சி முடிந்தது, அமைதி காக்கவும், ஆறு மாதத்தில் மக்களிடமே ஆட்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாசறைக்குத் திரும்புவோம் என்றது.

அது எபோவின் குரல். அராபாதான் முதலில் கண்டுபிடித்தாள். மாமனுக்குக் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை.

[இங்கேதான் என் கதாநாயகன் மேல் முதல் சந்தேகம். ஆட்சியைப் பிடிக்கப் போகிற அன்றைக்கா பெண் கேட்டு ஆள் அனுப்புவான்? சனிக்கிழமை என்று போட்டிருந்த திட்டம் வெளியே கசிந்ததால் அவசரமாகச் செவ்வாய்க்கு மாற்றினார்கள் என்று பின்னாளில் பேட்டியில் சொன்னார். செத்தாலும் ஆமாம் வாங்கிக்கொண்டு சாகலாம் என்று நினைத்திருந்தாரோ? அப்படி எழுத ஆசையாக இருக்கிறது. ஆசை இருக்கிறதே தவிர ஆதாரம் இல்லை.]

எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மாமன் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது தடவை கேட்டுவிடலாமே என்றார். எக்யா அமிசா பாட்டில்களை எடுத்து அலமாரி மேல் வைத்தார்.

“காத்தால கேட்டது ஒரு பட்டாளத்துக்காரன். இப்ப கேக்கறது அரசாங்கம். இல்லன்னு சொல்ல முடியாத எடத்துல ஒரு பொண்ணுகிட்ட ஆமா வாங்கி என்ன பண்றது? ஆறு மாசம்னுதானே சொல்றான். சட்டையக் கழட்டிட்டு வரட்டும். அன்னிக்கு மூணாவது தடவை கேக்கறேன்.”

மாமன் இதைத் தலைநகருக்குப் போய் அப்படியே சொன்னார். எபோ தலையை ஆட்டிக்கொண்டானாம்.

4

இனி அவருக்கு ‘ன்’ விகுதி போட முடியாது. தலைவராகிவிட்டார்.

ஆசிரியர் கேட்ட கதை இதுதான். வாழ்க்கையும் பணியும். சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல சாலைகள் போட்டார். மீன் கெடாமல் இருக்க எங்கள் துறைமுகத்தில் குளிர்பதனக் கிடங்கு கட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானம் சோறு கொடுத்தார். என் மாணவிகள் அதைச் சாப்பிட்டுத்தான் கணக்கு போட்டார்கள். திருடவில்லை. மாளிகையில் மடக்குக் கட்டிலில் படுத்தார்.

ஆறு மாதம் முடிவதற்குள் வறட்சி வந்தது. வறட்சியில் விட்டுவிட்டுப் போக முடியுமா? வறட்சி முடிந்ததும் எல்லையில் சண்டை. சண்டை முடிந்ததும் அணை பாதியில் நின்றது. ஒவ்வொரு வருடமும் அதே நாளில் ரேடியோவில் பேசினார். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அவகாசம் என்றார். காரணங்கள் எல்லாம் நிஜம். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பொய்யாக இருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும்.

அந்தப் பேச்சு வரும் நாளில் அராபா அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்பாள். கேட்டு முடித்ததும் ஏணி போட்டு ஏறி பாட்டில்களைத் துடைப்பாள். திறக்காத பாட்டில் வீட்டில் இருக்கும்வரை வேறு யாரும் அந்தக் கதவைத் தட்ட முடியாது. திருப்பி அனுப்பிவிடட்டுமா என்று எக்யா அமிசா அவ்வப்போது கேட்டார். வேண்டாம் என்றாள். இதை அழுத்தி எழுதச் சொன்னாள். “யாரும் என்னைக் கட்டிப் போடல, டீச்சர். நானா இருந்தேன்.”

[அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: அராபாவின் அக்கா புருஷன் வலை விற்பவர். கள்ளுக்கடையில் ஒருநாள், மேஜரோட ஆறு மாசத்துக்குள்ள எங்க வீட்டு ஆடு அஞ்சு தரம் குட்டி போட்டுடுச்சு என்றார். கடை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவன் போய்ச் சொல்லிவிட்டான். மூன்று மாதம் உள்ளே இருந்தார். வெளியே வரும்போது வலது காலை இழுத்துக்கொண்டு வந்தார். மேஜருக்கு இது தெரியாது என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். தெரிந்துகொள்ள வேண்டியது அவர் வேலை.]

5

ஒருமுறை ஊருக்கு வந்தார். கிடங்குத் திறப்பு விழா. நான் மாணவிகளைக் கொடியோடு வரிசையில் நிறுத்தியிருந்தேன். கார் வரிசை திடீரென்று மீன் அடுப்புகள் பக்கம் நின்றது. அவர் இறங்கினார். பாதுகாப்புக்காரர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் மீனையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அராபா சொன்னதைத்தான் எழுத முடியும்.

“எப்படி இருக்கே?”

“அடுப்புப் பக்கம் இருக்கேன். எங்க போயிடுவேன்?”

“அணை வேலை முடிஞ்சிட்டா…”

“சட்டை நல்லா பொருந்தியிருக்கு. கழட்ட மனசு வராதுதான்.”

அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டாராம். புகை என்றாராம். காற்று கடல் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும், என் பிள்ளைகளின் கொடிகள் எல்லாம் அந்தப் பக்கம்தான் பறந்தன.

நான் கேட்டேன், அன்றைக்கே யாராவது மூன்றாவது தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று. அராபா ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். “தெரியாது. அதத் தெரிஞ்சிக்கத்தான் என்னை யாராவது கேக்கணும்னு இருக்கேன்.”

6

ஒன்பதாவது வருடம் இன்னொரு அதிகாரி, அதே ராணுவ இசை. அவரும் ஆறு மாதம் என்றார்.

எபோ அன்சாவின் சட்டையை முகாமில் வைத்தே கழற்றினார்கள். செய்தி வந்ததும் அராபா நல்ல துணி கட்டிக்கொண்டு எக்யா அமிசாவின் முன்னால் போய் நின்றாள். அவர் அப்போது படுத்த படுக்கை.

“அவன் கழட்டலையே, மகளே. உரிச்சிட்டாங்க. அது வேற.” கொஞ்ச நேரம் கழித்து, “ஜெயில விட்டு வெளிய வரட்டும். கேக்கறேன்” என்றார்.

அவர் கேட்கவில்லை. அந்த மழைக்காலத்தில் போய்விட்டார். எபோ அன்சா சிறையிலிருந்து நாடு கடத்தப்பட்டார். எங்கேயோ குளிர் நாட்டில், கார் நிறுத்துமிடத்தில் காவல் வேலை பார்த்ததாகச் சொன்னார்கள். முப்பது வருடம் போயிற்று.

[முப்பது வருடம் போயிற்று. எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். மூன்று சொல். அராபாவுக்கு அது தினமும் விடிந்தது, தினமும் அடுப்பு பற்றவைத்தது, தினமும் யாரும் வராதது. முதலில் இந்த இடத்தில் ஒரு பெரிய பத்தி எழுதினேன், அலைகள் எல்லாம் வந்தன. படித்துப் பார்த்தேன். ஏக்கம் என்னுடையதாக இருந்தது, அவளுடையதாக இல்லை. எடுத்துவிட்டேன்.]

7

இரண்டு வருடம் முன்பு, மன்னிப்புக் கிடைத்து அவர் ஊருக்குத் திரும்பினார். குன்று மேல் தேவாலயத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. மெலிந்துவிட்டார். சோளமாவுக் கென்கே உருண்டை வாங்க வரிசையில் நிற்பார். சிலர் வழி விடுவார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமைகளில் கடற்கரைக்கு வந்து, வலை தைப்பவர்களுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருப்பார். அராபாவின் வீட்டுப் பக்கம் மட்டும் வருவதில்லை. கேட்டது அவர் வீட்டார், பதில் வரவேண்டியது இவள் வீட்டிலிருந்து. பதில் வராத வீட்டுக்கு மாப்பிள்ளை போய் நிற்பது அவமானம். இவளும் போகவில்லை. கேட்காத கேள்விக்கு வலியப் போய் பதில் சொல்வதா? இரண்டு தெரு தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேரும் முறை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்களால் மட்டும்தான் இது முடியும்.

இப்போது அராபாவின் குடும்பத்துக்குத் தலைவன் ஃபிஃபி, அக்கா மகன். காலை இழுத்துக்கொண்டு வந்தாரே, அவருடைய மகன். அப்பாவின் வலைக் கடையை அவன்தான் பார்க்கிறான். கேட்க வேண்டியது அவன். நான் இந்தக் கதைக்காகத் துருவித் துருவிக் கேட்டதில்தான் அராபாவுக்கு வேகம் வந்துவிட்டது என்று என்மேல் அவனுக்குக் கோபம். போன மாதம் அவனைக் கூப்பிட்டு, மூன்றாவது தடவை கேள் என்றாள்.

“எங்கப்பா நடந்த நடையப் பாத்துட்டுதானே சித்தி வளர்ந்தேன். அந்தாளுக்காக நான் உங்களக் கேக்கணுமா?”

“அவருக்காக இல்லடா. எனக்காகக் கேளு.”

“ஆமான்னு சொல்லிடுவீங்க.”

“அதுவும் தெரியும்னு வச்சிருக்கியா? ரெண்டு தடவை ஆமான்னு சொன்னவளுக்கு உங்கப்பா காலு ஞாபகம் இருக்காதா?”

ஃபிஃபி ஒரு வாரம் இந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நிபந்தனை போட்டான். செவ்வாய்க்கிழமை, எல்லார் முன்னாலும், அவரே வந்து உட்கார வேண்டும். மாமன் இல்லை, மாப்பிள்ளையே. முறையை மீறி, அவமானப்பட்டு. வந்தால் கேட்கிறேன்.

மறுநாள் மேஜர் என் வீட்டு வாசலில் நின்றார்.

[நான் உண்டாக்கிய ஆள் என் வாசலில். உட்காரச் சொல்வதா, கோடு போட்டு அடித்துவிடுவதா என்று ஒரு கணம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.]

“டீச்சர், நாளன்னிக்கு வரச் சொல்லியிருக்காங்க. வர்றேன்னு சொல்லிட்டேன். எங்க வீட்டு ஆளுங்க யாரும் இப்ப இல்ல. தனியா உக்காந்தா அவங்க வீட்டுக்கு மரியாதை இல்ல. ஒரு காலத்துல கையசைச்சா ஒரு படையே எழுந்து நிக்கும். இப்ப பக்கத்துல உக்கார ஒரு ஆள் கேக்கறேன். வருவீங்களா?”

கேட்கக் கூடாததைக் கேட்டேன். ஏன் அன்றே கழற்றவில்லை?

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். “ஒவ்வொரு வருஷமும் அந்தப் பேச்சை ரெண்டா எழுதுவேன். ஒண்ணுல போறேன்னு இருக்கும். அதப் படிச்சுட்டு, இன்னும் ஒரு வருஷம் இருந்தா நல்லபடியா முடிச்சிட்டு போலாமேன்னு தோணும். நல்லபடியா முடிக்கணும்னுதான்…” என்றார். நான் வருகிறேன் என்றேன்.

8

ஆக, முடிவு. ஆசிரியர் முடிவு வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்.

முடிவு ஒன்று. ஃபிஃபி கேட்கிறான். அராபா ஆமாம் என்கிறாள். பாட்டில் திறக்கிறது. முதல் துளிகள் முன்னோர்களுக்காகத் தரையில். இத்தனை வருடத்தில் ஜின் கொஞ்சம் வற்றியிருக்கிறது, இரண்டு கிழவர்கள் ஆளுக்கொரு மிடறு—

[அழுகை வருகிறது. எனக்கே வருகிறது என்றால் நம்பக்கூடாது.]

முடிவு இரண்டு. அராபா இல்லை என்கிறாள். மேஜர் இரண்டு பாட்டில்களையும் இரண்டு கக்கத்திலும் வைத்துக்கொண்டு குன்று ஏறுகிறார். காலை இழுத்துக்கொண்டு ஃபிஃபியின் அப்பா வாசலில் நின்று பார்க்கிறார். ஊருக்கே நியாயம்—

[நியாயம்தான். ஆனால் கொடுத்தது அவள் அல்ல, நான்.]

இன்று திங்கள். சாயங்காலம் அராபா வந்தாள். என் தாளைப் பார்த்து எப்போதும் சொல்வதைச் சொன்னாள், நண்டு நடந்த தடம் மாதிரி இருக்கிறது என்று. படித்துச் சொல்லச் சொன்னாள். மொழிமாற்றிச் சொன்னேன். எக்யா அமிசா வந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்பு இங்கே இல்லை, அதனால் புகை என்று சொல்லவில்லை.

“என் பதிலையும் எழுதிட்டியா?”

“ரெண்டு விதமா எழுதி வச்சிருக்கேன், அக்கா. எது நல்லாயிருக்குன்னு பாத்து…”

அவள் தாளை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

“நீ எழுதிட்டா, நான் அதைத்தானே சொல்லியாகணும், டீச்சர்?”

அவளுக்கு முப்பது வருடத்தை மூன்று சொல்லில் கொடுத்தவள் நான். காத்திரு என்று ஒரு வரி போட்டால் காத்திருப்பாள். ஆமாம் என்று போட்டால் ஆமாம். இல்லை என்று போட்டால் இல்லை. என்னிடம் மறுத்துச் சொல்ல அவளுக்கு இந்தத் தாளில் ஓர் இடம்கூட நான் வைக்கவில்லை. சட்டை எனக்கும் நன்றாகத்தான் பொருந்தியிருக்கிறது.

9

செவ்வாய் காலை. இதைப் போவதற்கு முன் எழுதுகிறேன்.

இங்கிருந்தே தெரிகிறது. அராபாவின் வீட்டு முன் பந்தல். பிளாஸ்டிக் நாற்காலிகள். மேஜை மேல் துடைத்த பாட்டில்கள். ஃபிஃபியின் அப்பாவுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி. அராபா நீலத் துணி கட்டியிருக்கிறாள். குன்றிலிருந்து மேஜர் இறங்கி வருகிறார், வெள்ளைச் சட்டை, சாதாரணச் சட்டை, தானே மாட்டிக்கொண்டது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இந்தக் காலை வெளிச்சத்தை இன்னும் ஒரு பத்தி எழுதிவிட்டு—

[இல்லை. இப்படித்தான் ஆறு மாதம் ஒன்பது வருடமானது. நல்லபடியா முடிக்கணும்னுதான்.]

பேனாவை வைக்கிறேன். ஆசிரியர் மன்னிக்க வேண்டும், முடிவு என்னிடம் இல்லை. மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும், எனக்கும் தெரியும், எழுதமாட்டேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு அவள்மேல் எந்த அதிகாரமும் இல்லை. உங்களிடம் அவள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால் நீங்கள் கேளுங்கள். பூவைப் பற்றியெல்லாம் வேண்டாம், அது முடிந்துவிட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, மூன்றாவது தடவை கேக்கறேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கேட்டுவிட்டு அவசரப்படுத்தாதீர்கள். அவள் யோசிக்கட்டும்.